பூ இருக்கிறது, பட்டாம்பூச்சி தங்குவதில்லை

திருச்சி மாடித்தோட்டம்:
மாடியில் இட்லிப்பூ, செம்பருத்தி, சாமந்தி வைத்திருக்கிறேன். பட்டாம்பூச்சிகள் வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடுகின்றன. அவை முட்டையிட்டு வளர்வதைப் பார்க்க மகளுக்கு ஆசை. இன்னும் என்ன பூச்செடி வைக்கலாம்?

தென்காசி அக்கா:
தம்பி, பூ போதும். இனி வேண்டியது இலை. தன் புழு எந்த இலையைத் தின்னுமோ அதில்தான் தாய்ப்பூச்சி முட்டை வைக்கும். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வையுங்கள். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் தேடி வரும். இளம்புழு அசல் பறவை எச்சம் போலவே கிடக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும். கடிக்காது, பிள்ளை பயப்பட வேண்டாம்.

எருக்கு வைத்தால் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி வரும். எருக்கம்பால் மட்டும் குழந்தை கண்ணில் படக்கூடாது.

அப்புறம், வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள். 'இயற்கை மருந்துதானே' என்று அடிக்கிறார்கள், எனக்கு மனசு கேட்பதில்லை. புழுவுக்கு அதுவும் விஷம்தான்.

கரிசல்காட்டான்:
ஊரில் தரை இருந்தால் ஆடுதீண்டாப்பாளையை விட்டுவையுங்கள் சார். களையென்று பிடுங்கிப் போடுகிறார்கள். ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் அதுதான் சாப்பாடு. மாடியில் வெயில் படும் இடத்தில் ஒரு தட்டில் ஈரமண் வையுங்கள். ஆண் பூச்சிகள் உப்புச்சத்தை உறிஞ்ச வந்து உட்காரும். ஸ்ரீரங்கம் பட்டாம்பூச்சிப் பூங்கா உங்களுக்குப் பக்கம்தானே, மகளை ஒருமுறை கூட்டிப்போங்கள்.

திருச்சி மாடித்தோட்டம்:
நன்றி. கறிவேப்பிலை ஏற்கெனவே இருக்கிறது அக்கா. ஆனால் புழுவைப் பார்த்தாலே அம்மா எடுத்து எறிந்துவிடுகிறார்கள். சமையலுக்கும் இலை வேண்டுமே?

தென்காசி அக்கா:
அம்மா சொல்வதும் நியாயம்தான். இன்னொரு கன்று வாங்குங்கள். ஒன்றைக் கொசுவலையால் மூடிவிடுங்கள், அது அடுப்படிக்கு. மற்றது புழுவுக்கு. மொட்டையாகத் தின்றாலும் வேர் நன்றாக இருந்தால் மறுபடி துளிர்த்துவிடும். முற்றிய புழு சிலசமயம் செடியை விட்டு இறங்கிப்போய்க் கூடு கட்டும். அதனால் தொட்டியில் இரண்டு காய்ந்த குச்சி ஊன்றி வையுங்கள். புழுவைக் காணோம் என்றால் சுவரோரமும் தொட்டியின் அடிப்பக்கமும் பார்த்துவிட்டுக் கூட்டிப் பெருக்கச் சொல்லுங்கள்.