கலிஃபோர்னியா கிங்ஸ்னேக்: ஒரே ஈட்டில் கோடும் வளையமும்

கலிஃபோர்னியா கிங்ஸ்னேக் என்னும் விஷமில்லாத அமெரிக்கப் பாம்பில், முதுகில் நீளக் கோடு ஓடுகிற பாம்பும், உடம்பைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட பாம்பும் ஒரே இனமா என்று நண்பர் கேட்டிருந்தார். ஒரே இனம்தான். ஒரு காலத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். 1930களில் சான் டியாகோவில் லாரன்ஸ் கிளாபர் என்ற பாம்பு ஆய்வாளர், காட்டில் பிடித்த சினைப் பாம்புகளின் முட்டைகளைப் பொரிக்க வைத்துப் பார்த்தார். ஒரே ஈட்டில், அதாவது ஒரு தாய் ஒரு தடவை இட்ட முட்டைகளில், இரண்டு மாதிரிக் குட்டிகளும் வந்தன.

என்னிடமும் அப்படித்தான். பெண் வளையம், ஆண் கோடு. குளிர்காலம் முழுக்கத் தனித்தனிப் பெட்டியில், 12 டிகிரி செல்சியஸ் வாக்கில், இரை இல்லாமல் தண்ணீர் மட்டும் வைத்துத் தூங்கவிட்டேன். எழுந்ததும் எலி கொடுத்து நன்றாகத் தேற்றிய பிறகுதான் சேர்த்தேன். இதில் மட்டும் அவசரமே கூடாது. கிங்ஸ்னேக் பாம்பையே தின்னும். பசித்திருந்தால் ஜோடி என்றும் பார்க்காது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, இணைந்து பிரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

பெண் பாம்பு சட்டை உரித்து ஒன்றிரண்டு வாரத்தில் முட்டை வரும். முட்டைகளுக்கு ஈர வெர்மிகுலைட் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்), 28 டிகிரி, ஏறக்குறைய இரண்டு மாதம். ஒட்டிக்கொண்ட முட்டைகளைப் பிரிக்கவோ புரட்டவோ வேண்டாம். பொரிக்கும் நேரத்தில் தோலில் ஒரு கீறல் விழுந்தது, மூக்கு நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. ஓரத்தில் சின்னக் குமிழி விட்டபடி வெகுநேரம் அப்படியே கிடந்தது. இழுத்துவிடக் கை பரபரக்கும், விட்டுவிடுங்கள், தானே வரும். ஒன்று கோடு, பக்கத்திலிருந்தது வளையம், இன்னொன்றுக்குக் கோடு பாதி முதுகில் துண்டு துண்டாக அறுந்திருந்தது. எல்லாவற்றையும் அன்றே தனித்தனி டப்பாவில் போட்டேன். குட்டியும் குட்டியைத் தின்னும்.

ஆகவே உடம்புக் கோலத்தை மட்டும் பார்த்துத் துணையினம் சொல்லாதீர்கள். பெயர்களே நிலையாக இல்லை. கெடுலா என்ற கிங்ஸ்னேக் இனத்தின் துணையினங்களாக இருந்த கலிஃபோர்னியே (நம் கலிஃபோர்னியா கிங்ஸ்னேக்), ஸ்ப்ளெண்டிடா (பாலைவனக் கிங்ஸ்னேக்) போன்றவற்றை 2009இல் பைரன், பர்பிரிங்க் என்ற ஆய்வாளர்கள் தனி இனங்களாக்கினார்கள். தென்கிழக்கு அரிசோனாவில் இந்த இரண்டின் கலப்பும் இயற்கையாகவே கிடைக்கிறது. அதனால் வாங்கும்போது நான் முதலில் கேட்பது, தாய் தகப்பன் எந்த ஊர்ப் பக்கத்துப் பாம்பு என்பதுதான். பதில் இல்லையென்றால் செல்லமாக வளர்க்கலாம், இனப்பெருக்கத்தில் சேர்க்க மாட்டேன். அடர்நிறக் கலப்புக் குட்டியை மெக்சிகன் பிளாக் (முழுக் கறுப்புக் கிங்ஸ்னேக்) என்று விற்றால், வாங்குகிறவருக்கு அதை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

மெக்சிகன் பிளாக் குட்டிகளை முதல் இரை எடுக்க வைத்த அனுபவம் இருப்பவர்கள், அப்புறம் வந்து எழுதுங்கள்.