கொலுசுக்கு 3 சதவீதம்: பில் போடாதவன் திருடனா?

பட்டறைவாசல் (செவ்வாய்ப்பேட்டை):
சேலத்து வெள்ளி வியாபாரிகள் எல்லோரும் வரித் திருடர்கள் என்று போன வாரம் இங்கே ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். அவருக்கு ஒரு பழைய சங்கதி. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, மாகாணத்திலேயே முதலில் அமலானது நம் சேலம் ஜில்லாவில்தான். கள்ளு, சாராய வருமானம் போயிற்று. அந்த ஓட்டையை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரி போட்டார்கள். இந்த மாதிரி வரி இந்தியாவில் அதுதான் முதல். அப்போது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அப்புறம் 1959-ல் புதுச் சட்டம், 2007-ல் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி, 2017-ல் ஜிஎஸ்டி. வெள்ளிக் கொலுசுக்கு அது 3 சதவீதம். இன்றைக்கு டாஸ்மாக்கும் இருக்கிறது, சாராயம் போனதற்காக வந்த வரியும் இருக்கிறது. கொலுசு வாங்க வருகிறவரே "பில் வேண்டாம், குறைச்சுப் போடுங்க" என்கிறார். இதில் திருடன் யார்?

பழைய வரிக்காரன்:
கதை சரிங்க. முடிவுதான் தப்பு. நான் வணிகவரித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பில் இல்லாமல் விற்றால் போவது 3 சதவீதம் மட்டுமா? விற்பனையே கணக்கில் வராது, வருமான வரியும் சேர்ந்து போகும். அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. 80 டச் (நூற்றுக்கு 80 பங்கு சுத்த வெள்ளி) என்று சொல்லி விற்ற கொலுசு, உருக்கும்போது 60 என்று வந்தால் அந்த அம்மா எந்தத் தாளைக் காட்டி நியாயம் கேட்பார்? தங்கம் மாதிரி வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமும் இல்லை. "வாடிக்கையாளரே கேட்டார்" என்பது வசதியான பேச்சு.

பட்டறைவாசல்:
டச் குறைத்து விற்கிறவனை நானும்தான் திட்டுகிறேன். என் கேள்வி வேறு. நான் பில்லோடு சரக்கு வாங்கி, வரியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். விற்றவன் அதை அரசுக்குக் கட்டவில்லை. விற்றவன் கட்டியிருந்தால்தான் வாங்கியவனுக்குக் கழிவு என்கிற ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 16(2)(சி)-யைச் சொல்லி, நான் வாங்கும்போது கொடுத்த வரிக்கான கழிவை ரத்து செய்து, வட்டியோடு கட்டச் சொல்கிறது துறை. ஓடிப்போனவனைப் பிடிக்க முடியாது. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என்னைப் பிடிக்கலாம்.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரித்த குழுவின் அறிக்கை 1855-ல் வந்தது. நிலவரி வசூலிக்கக் குடியானவனின் விரலைக் கிட்டி என்கிற இடுக்கியில் வைத்து நெரித்தார்கள், கழுத்தையும் காலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிக் குனிய வைத்தார்கள் என்று அதுவே ஒப்புக்கொண்டது. பழியை மட்டும் உள்ளூர்ச் சேவகர்கள் தலையில் கட்டியது. வரி இவ்வளவு என்று நிர்ணயித்த துரைமார்கள் சுத்தமாம்!

பழைய வரிக்காரன்:
கிட்டியையும் நோட்டீஸையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் சார். சேலத்தை எடுத்துக்கொண்டால் பாடம் வேறு. 1792-ல் திப்புவிடமிருந்து இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. கம்பெனி அதிகாரி ரீடும் அவருக்குக் கீழே மன்றோவும் நிலத்தை அளந்து, இடையில் ஆளில்லாமல் குடியானவனிடமே நேராக வரி பேசும் முறையை இங்கேதான் வளர்த்தார்கள். அடுத்து வந்தவர்கள் அதை விட்டுவிட்டு ஜில்லாவை மிட்டா மிட்டாவாக, அதாவது சிறு ஜமீன்களாக, பிரித்து ஏலம் போட்டார்கள். பல மிட்டாதார்கள் கட்ட முடியாமல் கவிழ்ந்தார்கள்.

நேராகப் பேசினாலும் ஊர்க் கணக்கு ஒரே குடும்பத்தின் கையில்தான் இருந்தது. அந்தப் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை ஒழிக்க 1980 வரை, எம்.ஜி.ஆர். காலம் வரை ஆயிற்று. கணக்கு எவன் கையிலோ, மோசடி அவன் பக்கத்தில்தான் முளைக்கும். இப்போது வியாபாரக் கணக்கு உங்கள் கையில்.

சேர்வராயன்:
மலை மேலே இருந்து ஒரு குரல். ஏற்காட்டில் காபி போடுகிறவனுக்கு வரியே கிடையாது என்று கீழே ஒரு நினைப்பு. கொட்டையைப் பதப்படுத்தி விற்றால் வருமானத்தில் 25 சதவீதம், வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம் வியாபார வருமானம் என்று வரிக்குள் வரும். மீதிதான் விவசாய வருமானம், அதற்கு வருமான வரி இல்லை. ஆனால் சிலரிடம் ஒரு விசேஷம் உண்டு: மழை பொய்த்து செடி காய்க்காத வருஷத்திலும் அவர்களுக்கு வருமானம் மட்டும் காய்த்துவிடும். கறுப்புப் பணத்தை வெளுக்கிற அந்தத் துரைமார்களை விட்டுவிட்டுக் கொலுசுக் கடையை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

கொண்டலாம்பட்டி கவி:
அண்ணே, சார், ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. நான் கொலுசுக்குப் பற்ற வைக்கிற கூலி வேலை செய்கிறவள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே வேலைதான். லோன் வாங்கித் தருகிறேன் என்று ஒருத்தர் வந்து ஆதார், பான், வீட்டு கரண்ட் பில் மூன்றையும் நகல் வாங்கிப் போனார், போனில் வந்த ஓடிபியையும் கேட்டு வாங்கினார். லோன் வரவில்லை. கோடிக் கணக்கில் ஜிஎஸ்டி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அக்கா பெயரில் ஒரு கம்பெனி பழைய இரும்பு விற்றிருக்கிறதாம். அவர் வீட்டில் இருக்கிற இரும்பு தோசைக்கல்தான். நீங்கள் சொல்கிற திருட்டில் இது எந்தக் கணக்கு?

பழைய வரிக்காரன்:
இது பில் வியாபாரம் அம்மா. சரக்கே இல்லாமல் 1 கோடிக்குப் பில் போடுவார்கள். 18 சதவீதம் என்றால் 18 லட்சம் வரி கட்டியதாகத் தாளில் இருக்கும். அந்தப் பில்லை வாங்குகிறவன் சிறு கமிஷன் கொடுத்துவிட்டு, தான் கட்ட வேண்டிய வரியில் 18 லட்சத்தைக் கழித்துக்கொள்வான். போலிக் கம்பெனிகள் ஒன்றுக்கொன்று பில் போட்டுச் சுற்றிவிட்டு, கடைசியில் கதவைச் சாத்தும். இப்படி ஏமாற்றிய வரி 5 கோடியைத் தாண்டினால் 5 வருஷம் வரை சிறை. ஆனால் கதவில் இருப்பது உங்கள் அக்காவின் பெயர்.

பட்டறைவாசல்:
அந்தக் கம்பெனிக்குப் பதிவு கொடுத்தது யாருங்க? வீட்டு வாசலில் வந்து ஒரு தடவை நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா?

பழைய வரிக்காரன்:
ஆதார் சரிபார்த்த விண்ணப்பம் என்றால் 7 வேலை நாளுக்குள் அதிகாரி ஒன்றும் செய்யாவிட்டால் தானாகவே பதிவு ஆகிவிடும். தாமதம் செய்கிறார்கள் என்று கத்தியதும் உங்கள் தரப்புத்தானே? சரி, கவி, இதைச் செய்யுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடலாம், அந்த எண்ணில் என்னென்ன பதிவு இருக்கிறது என்று காட்டும். அதை அச்செடுத்து, போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கி, நோட்டீஸுக்குப் பதிலோடு இணையுங்கள். பதில் போடாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பட்டறைவாசல்:
இதில் சாருக்கு நன்றி. என் பட்டறை ஆட்கள் எல்லோருக்கும் நாளைக்கே தேடிப் பார்த்துவிடுகிறேன். ஆனால் 16(2)(சி)க்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கொண்டலாம்பட்டி கவி:
அக்காவின் பான் எண்ணைப் போட்டுப் பார்த்தோம் சார். ஒன்றில்லை, இரண்டு ஜிஎஸ்டி பதிவு எண் வருகிறது. ஒன்று நம் தமிழ்நாட்டுக்கான 33-ல் ஆரம்பிக்கிறது, இன்னொன்று 07-ல். 07 என்றால் டெல்லியாம். அக்கா பழனிக்கு மேல் எங்கேயும் போனதில்லை. இதற்குச் சேலத்தில் புகார் எடுப்பார்களா, டெல்லிக்குத்தான் போக வேண்டுமா?