விரலைக் காத்தேன், காதைக் கவனிக்கவில்லை

இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் 14 வருடம். எங்களுக்குப் பயம் என்றால் விரல் மட்டும்தான். சேர்ந்த முதல் வாரமே பக்கத்து மெஷினில் ஒருவருக்கு இரண்டு விரல் போனதைப் பார்த்தேன். இரண்டு பட்டனை இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். பீஸ் கணக்கு ஏற வேண்டும் என்று ஒரு பட்டனில் கட்டை வைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. நான் ஒரு நாளும் செய்ததில்லை.

ஆனால் இயர்பிளக் பையிலேயே கிடந்தது. போட்டால் டையின் (தகட்டை வெட்டும் அச்சின்) சத்தம் மாறுவது தெரியாது என்பேன். ஷிப்ட் முடிந்தால் காது இரையும், காலையில் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறதே, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன். போன மாதம் ஆடியோமெட்ரி, அதாவது காது கேட்கும் பரிசோதனை, எடுத்தார்கள். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலால் கெடும் காது பெரும்பாலும் அங்கேதான் முதலில் கெடுமாம். குரல் கேட்கும், ச, ஸ மாதிரி மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். மகள் முணுமுணுக்கிறாள் என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! உள்காதில் ஒலியை உணரும் மயிரணு செத்தால் திரும்ப முளைக்காது. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தாலே அந்த இடம் காதுக்கு ஆகாது என்றார் டாக்டர். நாங்கள் வருடக்கணக்கில் கத்தித்தான் பேசினோம்.

மறுமொழி 1
உங்களுக்குக் காது, எனக்கு மூக்கு. கழிவுநீர்த் தொட்டிப் பராமரிப்பில் இருக்கிறேன். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஒதுங்குவோம், அடங்கினால் வாயு போய்விட்டது என்று இறங்குவோம். ஒரு நாள் நாற்றமே இல்லை, ஏணியில் கால் வைத்துவிட்டேன். மூத்தவர் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினால் 100 பிபிஎம்மை (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கை) தாண்டிக் காட்டுகிறது. அந்த முட்டை நாற்ற வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, அந்த அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும். வாயு அங்கேதான் இருந்தது, வாசனை தெரியாமல் போனது எனக்கு. இன்று நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

மறுமொழி 2
நான் கல் அறுக்கிறேன், ஒப்பந்தத்தில். ஆபத்து எங்களுக்குப் புரியவில்லை என்று பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். புரியாமல் இல்லை. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசிதான் நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் என்று எங்களில் எல்லோருக்கும் தெரியும். தூசி அடங்கத் தண்ணீர் விட்டு அறுக்கலாமே என்று நான் தனியாகக் கேட்டபோது, நாளைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஒரு வாரம் வேலை இல்லை. அப்புறம் 11 பேர் சேர்ந்து போய்க் கேட்டோம். மறுநாள் குழாய் வந்தது.