ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது போதுமா? ஏ.டி.எச்.டி. பெருகுவதற்குப் பள்ளியும் காரணமா?

பொருநைக்கரை:
தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்த குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுகிறோம். அதனால் ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும், அதைவிடப் பதினோரு மாதம் இளைய ஜூலைப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே வேகத்தில் எழுத வேண்டியிருக்கிறது. என் தங்கையின் மகன் அத்தகைய ஜூலைப் பிள்ளை. யு.கே.ஜி. முடியும் முன்பே, "ஓரிடத்தில் உட்காருவதில்லை, ஏ.டி.எச்.டி. இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கவனம் நிலைக்காமலும் ஓயாத துறுதுறுப்போடும் இருக்கும் கோளாறைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இந்தப் பிறந்த மாதச் சிக்கல் என் கற்பனை அன்று. அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ வயது வரம்பாகக் கொண்ட மாநிலங்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2018-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே இளையவர்களாக இருந்த குழந்தைகளில் 10,000 பேருக்கு 85 பேருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள். செப்டம்பரில் பிறந்து, வகுப்பில் மூத்தவர்களாக இருந்தவர்களில் அது 64 மட்டுமே. அந்த வரம்பு இல்லாத மாநிலங்களில் இந்த வேறுபாடு தென்படவில்லை. கோளாறு என்ன, காலண்டரைப் பார்த்தா வரும்? ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்வதை, அதன் வேறு பல பகுதிகளில் எனக்கு உடன்பாடு இல்லாதபோதும், நான் ஏற்கிறேன்.

மதிவாணி:
குழந்தைகள் உளவியல் ஆலோசகராகப் பணிபுரிபவள் என்ற முறையில் மறுக்கிறேன். நீங்கள் சுட்டிய ஆய்வு நம்பத்தக்கதே. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவும் இதுதான்: அங்கு வகுப்பில் இளையவர்களான டிசம்பர்ப் பிள்ளைகளுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிடச் சிறுவர்களில் 30 விழுக்காடும் சிறுமியரில் 70 விழுக்காடும் கூடுதலாக இந்தப் பெயர் சூட்டப்பட்டிருந்தது.

ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்து சேரும் இடம் வேறு. செப்டம்பர்ப் பிள்ளைகளிலும் 64 பேர் இருக்கிறார்களே, அவர்களை எந்த வயது வரம்பு உண்டாக்கியது? இந்த எண்கள், பள்ளி மூளையைக் கெடுத்தது என்று சொல்லவில்லை. இளைய பிள்ளையை மூத்த பிள்ளையோடு ஒப்பிட்டவர்கள் தவறாக அளந்தார்கள் என்றுதான் சொல்கின்றன. அறிகுறிகள் வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், குறைந்தது ஆறு மாதம், அந்த வயதுக்குப் பொருந்தாத அளவில் இருக்க வேண்டும் என்பதே விதி. அதைக் கடைப்பிடித்தால் போதும். எனக்கு உண்மையான கவலை, யாருக்கும் தொல்லை தராமல் சன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்து, பத்தாம் வகுப்பு வரை "சோம்பேறி" என்று திட்டு வாங்கும் பெண்பிள்ளைகளைப் பற்றித்தான். அவர்களை ஒருவரும் என்னிடம் அழைத்து வருவதில்லை.

பொருநைக்கரை:
அப்படியானால் மூளை வளர்ச்சி குறித்த சான்றுக்கு என்ன பதில்? அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டதன்படி, மூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளியடுக்கின், தடிமன் பொதுவாக ஏழரை வயதளவில் உச்சத்தை எட்டுகிறது, ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளிலோ அது பத்தரை வயதளவில்தான் நிகழ்கிறது. வளர்ச்சியின் வரிசை ஒன்றுதான், தாமதம் மட்டுமே வேறுபாடு. தாமதத்துக்கு மருந்து காலம்தானே? டென்மார்க்கில் ஓராண்டு தாமதமாகப் பள்ளிக்குச் சென்ற குழந்தைகளிடம் ஏழு வயதில் கவனச்சிதறலும் துறுதுறுப்பும் கணிசமாகக் குறைந்திருந்தன. பதினொரு வயதிலும் அந்தப் பயன் நீடித்தது.

மதிவாணி:
அந்த 2007 ஆய்வு உங்களுக்கு எதிரான சாட்சி. அங்கே ஏறத்தாழ ஒரே வயதுடைய பிள்ளைகளைத்தான் ஒப்பிட்டார்கள். ஆகவே அந்த மூன்றாண்டு வேறுபாடு பிறந்த மாதத்தால் வந்ததன்று, உண்மையான வேறுபாடு. அத்தகைய பிள்ளைக்கு ஓராண்டுத் தள்ளிவைப்பு எம்மாத்திரம்? டென்மார்க் ஆய்வு பெற்றோர் நிரப்பிய வினாத்தாள்களை நம்பியது. மருத்துவர் உறுதிசெய்த கோளாறை அது அளக்கவில்லை. மருந்துச் சீட்டுகளைக் கொண்டு 2014-இல் அதே நாட்டில் பார்த்தபோது, பிறந்த மாதத்தின் தாக்கம் மிகச் சிறிதாகவே இருந்தது.

பொருநைக்கரை:
அங்கே அது பெரிதாக இருக்காதுதான்! முதிர்ச்சி போதாத பிள்ளையை ஓராண்டு நிறுத்திவைப்பது அங்கே வழக்கம். தள்ளிவைக்க வழி இருக்கும் நாட்டில் அந்தத் தாக்கம் மறைகிறது என்பது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது.

கரும்பலகை:
அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். நீங்கள் இருவரும் வயதைப் பற்றியே பேசுகிறீர்கள். கட்டட வேலைக்குப் போகும் பெற்றோருக்கு "இன்னும் ஓராண்டு" என்றால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியும், தனியார் பள்ளியில் படிக்கவைப்பவர்களுக்கு இன்னோர் ஆண்டுக் கட்டணமும்தான் பொருள். தமிழ்நாட்டில் 2019-இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது எங்கள் பகுதியில் வரவேற்பு இருந்ததற்கு இதுவே காரணம்.

இன்னொன்று: பொருநைக்கரை அவர்கள் மேற்கோள் காட்டும் கொள்கை, ஆறு வயது வரை வீட்டிலிரு என்று சொல்லவில்லை, மூன்று வயதிலிருந்தே மூன்றாண்டு முன்பருவக் கல்வியைக் கணக்கில் சேர்க்கிறது, அதையும் விளையாட்டு வழியில் நடத்தச் சொல்கிறது. நம் தனியார் மழலை வகுப்புகளிலோ, பென்சிலைச் சரியாகப் பிடிக்க விரல்கள் பழகும் முன்பே நான்கு கோடு நோட்டு, டிக்டேஷன், வீட்டுப்பாடம். அந்த மூன்றாண்டுகளும் இப்படியே கழியுமானால், ஒன்றாம் வகுப்பு வயதை ஆறு என்று மாற்றினாலும் பிள்ளை உட்கார வேண்டிய காலம் ஓராண்டு கூடுமே தவிரக் குறையாது.

பொருநைக்கரை:
உங்கள் கடைசி வரியை மறுக்க முடியவில்லை. ஆனால் மழலை வகுப்பைத் திருத்த யாரும் வரப்போவதில்லை. தங்கை மகனை இன்னோர் ஆண்டு யு.கே.ஜி.யில் வைப்பது எங்கள் கையில் இருக்கிறது. அதைத்தான் செய்யச் சொல்லப்போகிறேன்.

மதிவாணி:
வையுங்கள், தடுக்கவில்லை. மதிப்பீட்டை மட்டும் அதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாத்திரைக்கு முன் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியைத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே பரிந்துரைக்கிறது; எனவே மருந்து கொடுத்துவிடுவார்கள் என்று அஞ்சிப் போகாமல் இருக்க வேண்டாம். போகும்போது பள்ளிக் குறிப்போடு, தாத்தா வீட்டிலும் தெருவில் விளையாடும்போதும் அவன் எப்படி இருக்கிறான் என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள். முதல் பக்கத்திலேயே பிறந்த தேதியையும், வகுப்பில் அவனைவிட இளையவர்கள் எத்தனை பேர் என்பதையும் குறித்துக் கொடுங்கள்.