கடைசியா வந்த பதில்தான் திரையில நிக்குது: ஜாவாஸ்கிரிப்ட்ல உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

காரைக்குடி:
ஆத்தங்குடி டைல்ஸ் கடை வெப்சைட். தேடல் பெட்டியில அடிக்க அடிக்க ஃபெட்ச் (சர்வர்கிட்ட தகவல் கேக்குற கோரிக்கை) போகும், பதில் வந்ததும் கால்பேக் (அப்ப ஓடுற ஃபங்ஷன்) படங்களை மாத்தும். முன்னாடி இருந்தவர் எழுதின கோடு. ஆபீஸ்ல ஒரு குறையும் தெரியல. கடையில ஆச்சி தன் போன்ல 'சிவப்பு'ன்னு அடிச்சு, மனசு மாறி அழிச்சிட்டு 'நீலம்'னு போட்டாங்க. நீலப் பூ டைல்ஸ் வந்துச்சு. அவங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே அது போயி திரை முழுக்கச் சிவப்பு. பெட்டியில மட்டும் 'நீலம்'. "ஏந்தம்பி, நான் கேட்டது இதில்லையே?" கன்சோல்ல (பிரவுசர் பிழை காட்டுற இடம்) ஒரு எரர் இல்ல, சிவப்போட பதில் லேட்டா வந்திருக்கு, அவ்வளவுதான். இன்னும் மனசை விட்டுப் போகல. டிபவுன்ஸ் (அடிக்கிறதை நிறுத்தி கொஞ்ச நேரம் ஆனப்புறம்தான் கோரிக்கை போகும்) 300 மில்லிசெகண்ட் வச்சேன், நின்னுச்சு.

தேவகோட்டை:
எனக்கு ஃபார்ஈச் (பட்டியல்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டுறது). கானாடுகாத்தான்ல தங்கும் விடுதி, விருந்தாளிகளுக்கு பிரவுசர்லருந்தே உறுதி மெயில். பழைய கோடுல ஃபார்ஈச்சுக்குள்ள அவெய்ட் (வேலை முடியுற வரை காத்திருன்னு சொல்றது). ஃபார்ஈச் யாருக்காகவும் நிக்காதே! பட்டனைத் தட்டின உடனே 'எல்லாருக்கும் அனுப்பியாச்சு'. மேனேஜர் டேபை மூடிட்டார், மிச்சமெல்லாம் போகவே இல்ல. "அனுப்பியாச்சுன்னு போட்டிருக்கே சார்"னு எடுத்து வச்ச ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். என்ன பதில் சொல்ல? அவெய்ட்டுக்கு நின்னு போற ஃபார்-ஆஃப் லூப்பா மாத்தினோம்.

பள்ளத்தூர்:
காரைக்குடி அண்ணே, நின்னுச்சுன்னு சொல்லாதீங்க. டிபவுன்ஸ் கோரிக்கையோட எண்ணிக்கையைத்தான் குறைக்கும், பதில் வர்ற வரிசைக்கு அது பொறுப்பில்ல. ஆச்சி அரை நொடி விட்டு அடிச்சா ரெண்டு ஃபெட்ச்சும் போகும், சிக்னல் குறைஞ்ச இடத்துல மறுபடியும் சிவப்பு ஜெயிக்கும். புதுசு போகும்போது பழையதை அபார்ட்கண்ட்ரோலர் (போன ஃபெட்ச்சை ரத்து பண்ற வசதி) வச்சு வெட்டுங்க. இல்லன்னா ஒவ்வொரு கோரிக்கைக்கும் வரிசை எண் கொடுத்து, கால்பேக்குக்குள்ள கடைசி எண்ணான்னு பாத்துட்டு வரையுங்க. பழைய பிரவுசர்லயும் ஓடும். தேவகோட்டை, ஃபார்-ஆஃப் ஒண்ணு முடிஞ்சுதான் அடுத்தது. பேர் கூடினா இழுக்கும். அதோட டேபை மூடினா அப்பவும் நிக்கும். அனுப்புற வேலையை சர்வர் கியூவுக்கு (சர்வர்லயே வேலைகள் காத்திருந்து ஓடுற வரிசை) தள்ளுங்க. பிரவுசர்ல ஒண்ணாத்தான் அனுப்பணும்னா ப்ராமிஸ் ஆல் (எல்லா வேலைக்கும் சேர்த்துக் காத்திருக்கிறது) வேணாம், ஒண்ணு தோத்தாலும் மொத்தமும் உடனே ரிஜெக்ட் (தோல்வி) ஆயிடும், எது போச்சு எது போகலன்னு தெரியாது. 2020-ல வந்த ஆல்செட்டில்டு ஒவ்வொண்ணோட முடிவையும் தனித்தனியாச் சொல்லும்.
என் கதை இதுதான்: கண்டாங்கிச் சேலைக் கடை ஸ்டாக் பக்கம், அதுல ப்ராமிஸ் ஆல், ஒரு கிளை சர்வர் படுத்ததும் எல்லாக் கிளையும் வெறுமை. முதலாளி "சேலை எல்லாம் வித்துப்போச்சா"ன்னு கேட்டார்.

காரைக்குடி:
டிபவுன்ஸை எடுக்க மாட்டேன், சர்வர் பாரம் குறையுதே. கூடவே அபார்ட்டும் வச்சாச்சு. ஆனா வெட்டின ஃபெட்ச் கேட்ச்சுக்குள்ள (எரர் வந்தா ஓடுற பகுதி) விழுந்து 'இணைப்பு இல்லை'ன்னு காட்டுது. ஆச்சி பயந்துடுவாங்க.

பள்ளத்தூர்:
எரர் பேர் அபார்ட்எரரான்னு (நாமளே வெட்டினா வர்றது) பாருங்க. ஆமான்னா பேசாம ரிட்டர்ன்.