ரயிலுக்காகக் குடிபோன கிராமம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சோல்ஸியிலிருந்து:

லண்டனுக்கு ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டு, சின்ன ஆங்கிலக் கிராமத்தில் குடியிருப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். ஊர் எப்படிப் பழகியது, யார் மூலம் பழகியது என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

எங்கள் சோல்ஸி ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தேம்ஸ் ஓரம் இருக்கிறது. லண்டன் பேடிங்டன் ஸ்டேஷனிலிருந்து 48 மைல். டிட்காட்டில் கிளம்பும் ரயில் இங்கே நின்று ரெடிங் வழியாக லண்டன் போகும். பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ரயிலை நம்பித்தான் வீடு வாங்கினோம். பழைய ஃபேர் மைல் மனநல மருத்துவமனை வளாகத்தில் வீடு. 1870இல் திறந்த மருத்துவமனை அது. 2003இல் மூடி, பிறகு குடியிருப்பாக மாற்றினார்கள்.

முதல் மூன்று வருஷம் எனக்குத் தெரிந்த ஊர் என்றால் ஸ்டேஷனும் அதற்குப் போகிற பாதையும்தான். குளிர்காலத்தில் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவேன். அகதா கிறிஸ்டியின் கல்லறை எங்கள் ஊர் செயின்ட் மேரி தேவாலய வளாகத்தில் இருக்கிறது. பக்கத்து வாலிங்ஃபோர்டில் வாழ்ந்து 1976இல் இறந்தவர். கல்லறையைப் பார்க்க வந்த ஒரு தம்பதி என்னிடம் வழி கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி அது மனசை உறுத்தியது.

பிறகு ஒரு ஜனவரியில் நடைபாதைப் பனியில் சறுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் வீட்டில். ரெடிங் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும், மனைவிக்கு அப்போது லைசென்ஸ் இல்லை. டாக்டர் அறை வரவேற்பில் இருந்த பெண் ஒரு போன் நம்பர் கொடுத்தார். ஓய்வுபெற்றவர்கள் சிலர் சேர்ந்து, கார் ஓட்ட முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்களாம். மைலுக்கு 45 பென்ஸ் பெட்ரோல் காசு மட்டும் கொடுத்தால் போதும்.

வந்தது எழுபது தாண்டிய ஓர் அம்மா. நான் ஊன்றுகோலோடு வாசலில் நிற்க, காரிலிருந்து இறங்கி எங்கள் கட்டடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். 1970களில் அவர் அங்கே நர்ஸாம். எங்கள் வரவேற்பறை இருக்கும் இடத்தில் பெண்கள் வார்டு இருந்தது என்றார். ஆஸ்பத்திரிக்கென்றே பண்ணை இருந்ததையும், நோயாளிகள் அதில் உழைத்ததையும், முப்பது நாற்பது வருஷம் யாருமே பார்க்க வராமல் அங்கேயே இறந்தவர்களையும் பற்றி ரெடிங் போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அதன் பிறகு அந்த உயரமான ஜன்னல்களை நான் பழைய மாதிரி பார்க்கவில்லை.

திரும்பும்போது "உங்கள் நாட்டுக்காரர் கொடுத்தது ஒன்று இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று சில்டெர்ன் குன்றுகள் மேல் ஸ்டோக் ரோ என்ற கிராமத்துக்குக் காரைத் திருப்பினார். அங்கே சாலையோரத்தில் ஒரு கிணறு! மேலே இரும்புத் தூண்களில் நிற்கும் குவிமாடம், கீழே இறைக்கும் இயந்திரத்தின் மேல் ஒரு யானை. 368 அடி ஆழம், நாலே அடி அகலம். எல்லாமே கையால் தோண்டியது. காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் பணம் கொடுக்க, 1863இல் தொடங்கி 1864 மே 24 அன்று திறந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் சுண்ணாம்புக் குன்று, பெய்கிற மழையெல்லாம் கீழே இறங்கிவிடும். வீட்டில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு பையனை அவன் தாய் அடித்த கதையை, அந்தப் பகுதியைச் சேர்ந்த, இந்தியாவில் வேலை பார்த்த எட்வர்ட் ரீட் என்ற அதிகாரி மகாராஜாவிடம் சொன்னாராம். கிணற்றைப் பராமரிக்க வருமானம் வேண்டுமே என்று பக்கத்திலேயே செர்ரித் தோப்பும் வைத்திருக்கிறார்கள். நான் திருநெல்வேலிக்காரன், காசியைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்த ஊரில் பிறந்தவன். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அந்த வளையத்துக்குள் எட்டிப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

கென்ட்டிலிருந்து, கடை வைத்திருப்பவர்:

தம்பி, வாசிச்சு முடிச்சு உடனே எழுதுறன். நான் கென்ட்டில ஒரு சின்னக் கிராமத்தில கடை வைச்சிருக்கிறன், பதினெட்டு வருசமாச்சு. ஊரில ஒரே கடை. விடிய நாலரைக்கு எழும்புவன். பேப்பர்க் கட்டு ஐஞ்சு மணிக்கு வந்திடும், ஆறு மணி ரயிலுக்குப் போற ஆக்களுக்குக் கோப்பி ரெடியா இருக்கவேணும். முதல் அஞ்சாறு வருசம் "குட் மோர்னிங்", "தாங்க் யூ" ரெண்டையும் விட ஒரு கதையும் இல்லை.

2020 மார்ச்சில எல்லாம் மாறிச்சு. ரயிலுக்கு ஒரு சனமும் இல்லை. ஆனா கடைக்கு வெளியில வரிசை! வயசான ஆக்கள் வெளிக்கிட ஏலாது எண்டு ஊர்க் கவுன்சில் ஆக்கள் பேர்ப் பட்டியல் ஒண்டு கொண்டுவந்து தந்தவை. நான் சாமான் கட்டிவைப்பன், பெடியள் சைக்கிளில கொண்டுபோய்க் குடுப்பினம். அதில பெரிய சிக்கல் என்னெண்டா, எங்கட ஊரில பாதி வீட்டுக்கு நம்பர் இல்லை, பேர்தான். "ரோஸ் கொட்டேஜ்" எண்டு மட்டும் மூண்டு வீடு. ஒரு வீட்டுப் பால் இன்னொரு வீட்டுக்குப் போயிடும். கடைசியில நானே கடையைப் பூட்டிப்போட்டுப் பின்னேரம் ஒவ்வொரு வாசலா நடந்தனான். அப்பதான் ஆக்களின்ர முகமும் வீடும் ஒண்டாப் பொருந்திச்சு. ஒரு மனுசி தோட்டத்தில புடுங்கின ருபார்ப் எண்ட புளிப்புத் தண்டை வாசலில வைச்சுவிடுவா. என்ன செய்யிறதெண்டு தெரியாமல் என்ர மனுசி அதில சட்னி அரைச்சுத் திருப்பிக் குடுத்தவ. இண்டைக்கும் அவ அதைக் கேட்டு வாறவ.

இப்ப ரயில் சனம் செவ்வாய், புதன், வியாழன்தான். திங்களும் வெள்ளியும் பாண் குறைச்சுத்தான் எடுப்பன். புதுசா வாற ஆக்களுக்கு ஒண்டு சொல்லவேணும்: எல்லாத்தையும் டெலிவரி வான்ல வரவழைச்சுப்போட்டு, உள்ளூர்க் கடை பூட்டினாப் பிறகு கவலைப்பட்டுப் பிரயோசனம் இல்லை. கிழமையில ஒருக்காலாவது வந்து போங்கோ.

கேம்பிரிட்ஜ்ஷயரிலிருந்து:

அண்ணா, உங்கள் ருபார்ப் சட்னி செய்முறையைக் கண்டிப்பாகப் போடுங்கள்!

எங்கள் கிராமத்தில் கேஸ் லைன் கிடையாது, வீட்டைச் சூடாக்க எண்ணெய்தான். பின்பக்கம் பெரிய டேங்க் நிற்கும். வந்த முதல் டிசம்பரில் டேங்க் காலியாகும்வரை எனக்கு அளவு பார்க்கவே தெரியாது. கைக்குழந்தையோடு, ஒரே அறையில் மின்சார ஹீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவர மாட்டார்கள், அதற்கும் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டி, ஊரில் நாற்பது வீடு சேர்ந்து ஒரே நாளில் எண்ணெய் வாங்குகிறோம், விலையும் குறையும், உங்கள் பேரையும் சேர்க்கவா என்று கேட்டார். எண்ணெய் வரும்வரை ராத்திரி எங்களை அவர் வீட்டிலேயே படுக்கச் சொன்னார். அவர் பேரே அதுவரை எனக்குத் தெரியாது.

பஸ்ஸை நம்பி வராதீர்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்களுக்குச் சாயங்காலம் ஆறரைக்குக் கடைசி பஸ், ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே இல்லை. டிரைவிங் கற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ரெடிங்கிலிருந்து ஒரு கேள்வி:

நாங்களும் சோல்ஸிப் பக்கம் வீடு பார்க்கிறோம். வாரத்தில் இரண்டு நாள்தான் ஆபீஸ். சீசன் டிக்கெட் கட்டுப்படியாகுமா? கறிவேப்பிலைக்கு என்ன செய்கிறீர்கள்?

சோல்ஸியிலிருந்து:

இரண்டு நாள் என்றால் வருஷ சீசன் வேண்டாம். 2021இல் வந்த ஃப்ளெக்ஸி சீசன் இருக்கிறது. 28 நாளில் எந்த 8 நாள் வேண்டுமானாலும் போகலாம், உங்கள் கணக்குக்குச் சரியாக வரும். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அதுவும் ரயிலில். தண்டவாள வேலை நடந்து பஸ் விட்டிருக்கிற ஞாயிறாக இருந்தால் இன்னும் நல்லது, நிலவரம் தெரிந்துவிடும். கறிவேப்பிலை ரெடிங்கிலிருந்துதான் வாங்கி வருகிறேன். கழுவி ஈரம் போக உலர்த்தி ஃப்ரீசரில் போட்டால் இரண்டு மாதம் வருகிறது. வரும் அன்று முன்னமே சொல்லுங்கள், ஸ்டேஷனுக்கு வருகிறேன். தேவாலயத்துக்கு இப்போது வழி தெரியும்.