தரவுத்தளத்தில் உள்வினவல் (வினவலுக்குள் எழுதும் வினவல்) தந்த எதிர்பாராத விடைகள்: உங்கள் அனுபவம் என்ன?

ரோஸ்ஹில் அன்பர்:
தைப்பூசக் காவடிக்கு இன்னும் பெயர் கொடுக்காத உறுப்பினர்களின் பட்டியலைக் கோயில் சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். காவடிப் பதிவேட்டில் எண் இல்லாதவர்களை 'நாட் இன்' ('இந்தப் பட்டியலில் இல்லாதவை') உள்வினவலால் பிரித்தெடுக்கும் பழைய வினவல் அதுவரை ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இம்முறை திரையில் ஒரு பெயர்கூட வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. எல்லோரும் பதிந்துவிட்டார்கள் என்று செயலாளர் மகிழ்ந்தார். அவருடைய மைத்துனரே பதியவில்லை என்பது எனக்குத் தெரியும். உள்வினவலை மட்டும் தனியே ஓட்டிப் பார்த்தபோது, ரெயூனியனிலிருந்து காவடி எடுக்க வரும் ஒரு பக்தரின் பெயருக்கு நேரே, உறுப்பினர் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'நல்' (மதிப்பு ஏதுமில்லை) என்று நின்றது. அந்த வெற்றுப் புலத்தோடு ஒப்பிடும் எந்த எண்ணும் 'சமமல்ல' என்று உறுதிப்படாமல் 'அறியப்படாதது' ஆகிவிடுவதால், மொத்தப் பட்டியலும் காலியாகிவிட்டது.

டர்பன் வாசகர்:
தங்களுக்கு வந்தது காலிப் பட்டியல்தான், ஐயா. அதனால் யாருக்கும் சேதமில்லை. நான் முன்பு பணிபுரிந்த அலுவலகத்தில், குடும்பப்பெயரையும் முதலெழுத்தையும் வைத்து வாடிக்கையாளர் எண்ணைத் தேடும் உள்வினவல் ஒன்று இருந்தது. சோதனைத் தரவில் நாயுடு ஒருவர்தான். டர்பனில் நாயுடுக்களுக்கும் பிள்ளைகளுக்கும் கோவிந்தர்களுக்கும் பஞ்சமா? நேரடித் தரவில் ஓடியவுடன், உள்வினவல் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளைத் தருகிறது என்னும், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் 1242ஆம் பிழை வந்தது. யாரோ ஒருவர் 'லிமிட் 1' (ஒரு வரிசையை மட்டும் எடு) சேர்த்து அதன் வாயை அடைத்துவிட்டார். பிறகொரு நாள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த மூதாட்டி எங்கள் அலுவலகக் கடிதத்தை மேசையில் விரித்து, "பேர் என்னுடையதுதான் தம்பி, இந்தக் கடன் யாருடையது?" என்று கேட்டார். அந்தத் தாளை இன்றும் மறக்க முடியவில்லை.

எபேன் பணியாளர்:
சேதமில்லை என்று டர்பன் அன்பர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்; மைத்துனரைப் பற்றித் தெரியாத ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்த்திருந்தால், பதியாதவர்களுக்கு அழைப்பே போயிருக்காது. எங்கள் குழுவிலும் ஒன்று நடந்தது: நீக்கும் கட்டளை ஒன்றின் உள்வினவல் கேட்ட 'ஐடி' என்ற புலம் உள் அட்டவணையில் இல்லை, அதை வெளி அட்டவணையின் புலமாகவே தரவுத்தளம் எடுத்துக்கொண்டதால், எல்லா வரிசைகளும் அழிந்தன. 'ரோல்பேக்' (மாற்றங்களைத் திரும்பப் பெறும் கட்டளை) காப்பாற்றியது.

ஆகவே உள்ளே வரும் ஒவ்வொரு புலப்பெயருக்கும் முன்னால் அட்டவணையின் மாற்றுப்பெயரை எழுதுங்கள். அப்போது இல்லாத புலம் பிழையாகவே வெளிப்படும். 'நாட் இன்' இருக்கும் இடங்களில் 'நாட் எக்சிஸ்ட்ஸ்' ('பொருந்தும் வரிசை எதுவும் இல்லை') எழுதினால் 'நல்' தொல்லை தராது. 'லிமிட் 1' போடுவதானால், எந்த வரிசை முதலில் வர வேண்டும் என்று 'ஆர்டர் பை' (வரிசைப்படுத்தும் கட்டளை) கொண்டு தீர்மானியுங்கள். தீர்மானிக்க முடியவில்லையென்றால் தேடும் நிபந்தனையே போதவில்லை என்று பொருள். மைஎஸ்க்யூஎல்லில் மாற்றப்படும் அட்டவணையையே உள்வினவலில் படித்தால் 1093ஆம் பிழை வரும். அதை இன்னொரு உள்வினவலால் சுற்றித் தப்பிக்கும் பழைய உபாயம், 5.7 பதிப்பு முதல் உகப்பாக்கி (வினவலை ஓட்டும் வழியைத் தீர்மானிக்கும் பகுதி) இரண்டையும் இணைத்துவிடும்போது பலிக்காமல் போகலாம்.

ரோஸ்ஹில் அன்பர்:
நான் ஆலோசனை கேட்கவில்லை, ஆயினும் நன்றி. 'நாட் எக்சிஸ்ட்ஸ்' முறைக்கு அன்றே மாற்றியாகிவிட்டது. வெளியூர் பக்தர்களுக்கு உறுப்பினர் எண் தருவதில்லை என்பது சங்கத்தின் முடிவு. ஆகையால் அந்தப் புலம் இனியும் வெறுமையாகத்தான் வரும்.